ஜான்சன் முழுதாக முடித்த ஒரே வேலை

ஜான்சனை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். அதில் பதினைந்து வருடம் அவனை எனக்குப் பிடிக்காது. இதை மறைத்து எழுதி யாருக்கு என்ன லாபம்? அவன் மனைவி ஜெபா என் பக்கத்து நாற்காலிக்காரி. அவள் டப்பாவில் நானும் என் டப்பாவில் அவளும் சாப்பிட்டு வளர்ந்த சிநேகம். அவள் புருஷன் உருப்படவில்லை என்றால் கோபம் முதலில் எனக்குத்தான் வரும்.

செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் சாலையில் பூபாலன் அண்ணன் வைத்திருக்கும் டைப்பிங் கடையில் எங்களுக்கு வேலை. பத்திரம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடிப்போம். ஆனால் கடைக்குச் சோறு போடுவது மனுதான். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் அச்சரப்பாக்கம், மதுராந்தகம் பக்கமிருந்தெல்லாம் முதல் பஸ் பிடித்து ஜனங்கள் வந்து வாசலில் நிற்பார்கள். பட்டா வரவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது, வாய்க்காலை மடக்கிவிட்டான். சொல்கிறவர் அழுதுகொண்டே சொல்வார், ஜெபா கேட்டுக்கொண்டே அடிப்பாள். அவர் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் மனு தயாராகிவிடும். அதில் அழுகை ஒரு சொட்டு இருக்காது. தேதி இருக்கும், சர்வே எண் இருக்கும், எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கும். அந்த அம்மா அடித்த மனு நடக்கும் என்று ஊர் ஊராகப் பேச்சுப் போயிருந்தது. நான் அடித்தது நடக்காதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

எங்கள் கடையில் வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதுத் தாள் என்று எதையும் நாங்கள் திறப்பதில்லை. முன்பு அடித்து வைத்த மனு ஒன்றைத் திறப்போம். மார்ஜினும் எழுத்தின் அளவும் வரி இடைவெளியும் அதில் சரியாக அமைந்திருக்கும். அதிலிருப்பதை மொத்தமாகத் தேர்வு செய்தால் பக்கம் முழுக்க நீலமாகும். அதன் மேலேயே புது மனுவை அடிப்போம். பிரிண்ட் எடுத்ததும் மூடுவோம். 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். 'வேண்டாம்' என்று தட்டுவோம். பழைய மனு பழையபடி பத்திரமாக இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இப்படி. ஜெபா பதினெட்டு வருடம் இப்படி.

இனி ஜான்சன். அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும் பார்த்து அவனைப் படிக்க வைத்தார்கள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். பி.சி.ஏ.வில் இரண்டு பேப்பர் நின்றுபோனது. இன்றைக்கு எழுதுகிறேன், நாளைக்கு எழுதுகிறேன் என்று அது நின்றபடியே நிற்கிறது. அங்கே ஆரம்பித்தது இந்த வியாதி. மொபைல் கடையில் ஒரு வருடம், கல்யாண ஆல்பம் செய்யும் இடத்தில் எட்டு மாதம். சபைப் பாடல்களையெல்லாம் போனில் பார்க்கிற மாதிரி செய்கிறேன் என்றான், பாதிப் பாட்டோடு விட்டான். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடம் ஒன்றுக்கு வெப்சைட் செய்கிறேன் என்றான், முகப்புப் பக்கத்தில் ஒரு யானைப் படத்தோடு அது நின்றது. வீட்டுக் குளியலறைக்கு அவனே டைல்ஸ் ஒட்டினான். மூன்று சுவர்.

"நாலாவது செவுரு இன்னா பாவம் பண்ணிச்சு ஜான்சா?" என்று நான் கேட்பேன்.

"ஒட்டிடலாம் அக்கா. லீவு கெடைக்கட்டும்" என்பான். கோபப்படவே மாட்டான். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கடைசியாகத் திருவிடந்தையில் ஒரு ரிசார்ட்டில் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை. அறையில் இண்டர்நெட் வரவில்லை என்று யாராவது கத்தினால் இவன் ஓட வேண்டும். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று பஸ் மாறிப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கொளவாய் ஏரிப் பக்கம் வாடகை வீடு. சிநேகா என்று ஒரே பெண், இப்போது ஒன்பதாவது.

போன வருடம் ஜெபாவுக்குக் குரல் கம்மியது. மனுக்காரர்களிடம் கத்திக் கத்தி என்று நினைத்தோம். மிளகு, தேன், பனங்கற்கண்டு என்று ஆளுக்கொன்று சொன்னோம். ஆடியில் சென்னைக்குப் போய்ப் பார்த்தபோது குரல்வளையில் புற்று என்றார்கள். ஆவணியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதில் சளி வந்து உறிஞ்சும் சத்தம் கேட்கும். நானே முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழந்தை என்ன செய்யும்? சிநேகா அம்மாவைப் பார்த்த நிமிடமே பின்னால் நகர்ந்தாள். அதற்கப்புறம் அம்மா படுத்திருக்கும் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கேட்டதற்குத் தலையாட்டுவாள், போய்விடுவாள். ஜெபா கையை நீட்டினால் டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்பாள்.

ஜெபாவுக்கு நோட்டில் எழுதிக் காட்டவும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். போனில் அடிப்பாள், இரண்டு வரிக்குள் போனைத் தூக்கிப் படுக்கையில் எறிவாள். அவள் விரல் பழகியது பழைய டைப்ரைட்டர் முறை, டைப்பிங் பரீட்சையில் ஹையர் பாஸ் பண்ணின விரல். கடையில் இருக்கும் மென்பொருள் அந்த முறையில்தான் ஓடும், ஆனால் கடைக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வராது.

ஒரு நாள் ஜான்சன் கடைக்கு வந்தான். "அக்கா, டைப்ரைட்டர் கீ எதெது எங்கெங்க கீதுன்னு ஒரு பேப்பர்ல வரஞ்சு குடு."

"இன்னாத்துக்கு?"

"ஜெபா எழுதறதுக்கு ஒண்ணு செய்யப்போறேன்."

"ஏன், யார்னா செஞ்சு வெச்சது கெடைக்காதா?"

"கெடைக்கும். அதுல நூறு பட்டன் கீது. தெரியாம ஒண்ணத் தட்டினா எங்கியோ போயி நிக்கும். அவளுக்கு ஒரு தாளு போதும் அக்கா. வெள்ளத் தாளு, பெரிய எழுத்து."

நான் வரைந்து கொடுத்தேன். மனதுக்குள், இதுவும் மூன்று சுவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஜெபாவுக்குக் கதிர் சிகிச்சை நடந்த ஆறு வாரமும் அவன் வராந்தாவில் உட்கார்ந்து, மடியில் பழைய லேப்டாப்பை வைத்து அதைச் செய்தான். துணைக்குப் போகும் நாட்களில் எனக்கு விளக்கம் வேறு. பைத்தான் என்று ஒரு மொழியாம். அதோடு டிகின்டர் என்று ஒரு கருவித் தொகுப்பு வருமாம். "எல்லாம் ரெடிமேட் அக்கா. ஜன்னல் வேணும்னா ஒரு வரி. எழுதற கட்டம் வேணும்னா ஒரு வரி. நம்ம சேத்து மாட்டிகினே போவணும், அவ்ளோதான்." மூன்றாம் நாள் திறந்து காட்டினான். திரையில் வெள்ளையாக ஒரு ஜன்னல். மேலே 'ஜெபா' என்று பெயர். வேறு ஒன்றும் இல்லை.

"இதுக்கா மூணு நாளு?" என்றேன்.

"தாளு வந்துடுச்சில்ல?" என்று சிரித்தான்.

கொம்பில்தான் அவனுக்கு உயிர் போனது. டைப்ரைட்டரில் 'கெ' வேண்டும் என்றால் முதலில் கொம்பைத் தட்டுவோம், அப்புறம் 'க'. கம்ப்யூட்டருக்கு உள்ளே அது தலைகீழ், முதலில் 'க', பிறகுதான் கொம்பு. ஜெபா கொம்பைத் தட்டினால் அது ஒட்ட எழுத்தில்லாமல் தனியாக நின்று விழிக்கும். கொம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து வந்த பிறகு இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது. அழிக்கும்போது பாதி எழுத்து மட்டும் அழிந்து மீதி நிற்கும், அதற்கு இன்னொரு வாரம். இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஜெபா கையில் கொடுத்த அன்று அவள் பத்து விரலையும் வைத்து எது எங்கே என்று தடவிப் பார்த்தாள். அப்புறம் மழை மாதிரி பொழிந்தாள். பதினெட்டு வருடம் மனு அடித்த விரலுக்கு வேறு தமிழ் தெரியவில்லை. பேச்சாக அடித்தாலும் மனுவாகத்தான் வந்தது. "பொருள்: காபியில் சர்க்கரை குறைவாக இருத்தல் தொடர்பாக" என்று அடித்துத் திருப்பிக் காட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனாள். ஜெபாவும் சிரித்தாள், தோள் மட்டும் குலுங்கியது.

அதில்தான் அவள் சிநேகாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். எனக்கு அடித்துக் காட்டினாள்: "அவள் என் அருகில் வர அஞ்சுகிறாள். ஆகவே நான் சொல்ல வேண்டிய அனைத்தையும் எழுதி முடித்த பின் அவளிடம் ஒப்படைக்கப்படும். அதுவரை எவரும் படிக்கக் கூடாது." ஜான்சன் படிக்கவில்லை. அவன் செய்த ஜன்னல், அவன் லேப்டாப், நினைத்தால் ஒரு நொடியில் படித்திருக்கலாம். படிக்கவில்லை. ஐயோ, அந்த ஒரு விஷயத்தில் அவன் அயோக்கியனாக இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது எத்தனை தடவை நினைக்கிறேன்.

ஒரு நாள் வார்டில் யாரோ போனுக்குச் சார்ஜ் போட லேப்டாப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். பேட்டரி செத்தது. இரண்டு நாள் எழுதியது போயிற்று. ஜெபா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், சாயங்காலம்வரை திரும்பவில்லை. ஜான்சன் கட்டில் காலடியில் நின்று, "இனிமே ஒரு எழுத்துகூடப் போவாது ஜெபா. சத்தியமா போவாது" என்றான்.

சொன்னதைச் செய்தான். ஐந்து நொடிக்கு ஒரு தரம் அதுவே சேமித்துக்கொள்ளும்படி செய்தான். சேமிக்கவா வேண்டாமா என்ற கேள்வியையே எடுத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து எங்கள் கண்ணெதிரில் அவள் பாதி வார்த்தையில் இருக்கும்போது பிளக்கையும் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றினான். மறுபடி மாட்டித் திறந்தால், அந்தப் பாதி வார்த்தை அப்படியே நின்றது. ஜெபா கை தட்டினாள். நான் அவன் முதுகில் ஒரு அறை வைத்து, "பரவால்லடா, நாலாவது செவுத்துக்கும் டைல்ஸ் ஒட்டிட்ட" என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்தது அன்று ஒரு நாள்தான்.

அவன் இன்னும் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருந்தான். தப்பாக அழித்தால் திரும்பக் கொண்டுவரும் வசதி ஒன்று, தினம் ஒரு நகல் தனியாக எடுத்து வைப்பது ஒன்று. ஆனால் அவன் கை வைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று கோணிக்கொள்ளும், எழுத்து சிறுத்துவிடும், அல்லது கொம்பு மறுபடி தனியாக நிற்கும். ஜெபாவுக்குப் பொறுமை இல்லை. நேரமும் இல்லை, அது அவளுக்குத் தெரிந்திருந்தது. "இப்பொருள் முடிவுற்றது. தயவுகூர்ந்து இனி இதில் கை வைக்க வேண்டாம்" என்று அடித்தாள். அவனும் விட்டான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒருத்தி அவனிடம், நீ செய்தது முடிந்துவிட்டது என்று சொன்னாள். விடாமல் என்ன செய்வான்?

தை மாதம் நோய் மறுபடி தலைகாட்டியது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஜெபா தலையணையில் சாய்ந்து, மடியில் லேப்டாப்போடு எழுதிக்கொண்டே இருந்தாள். நான் உள்ளே போனால் திரையைத் திருப்பிக்கொள்வாள். வாசலில் சிநேகா நின்றால் அடிப்பதை நிறுத்தி அவளையே பார்ப்பாள், அவள் போனதும் மறுபடி அடிப்பாள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று எனக்கு இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.

இனி சொல்லப்போவது நான் செய்தது.

அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேண்டா என்று ஒரு அம்மா கடைக்கு வந்தாள். எல்லப்பன் என்ற அவள் புருஷன் இறந்து மூன்று வருடம். வீட்டு எதிரில் மின்கம்பம் சாய்ந்து கம்பி கூரையைத் தொடுகிறது. நான்கு மனு கொடுத்தாயிற்று, நான்கும் நான் அடித்தது, ஒன்றும் நடக்கவில்லை. "அந்த இன்னொரு அம்மா எங்கம்மா? அது எழுதினா நடக்கும்னாங்க" என்றாள் என் முகத்துக்கு நேரே. எனக்கு ரோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஜெபா கையால் ஒரு மனு அடித்தால் அவளுக்கும் ஒரு தெம்பு வரும் என்று தோன்றியது. யாருக்கு நல்லது செய்யப் போனேன் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். ஜான்சன் வேலைக்குப் போயிருந்தான், சிநேகா டியூஷன். ஜெபா எழுதிக்கொண்டிருந்தாள். பழைய மனுக்களைக் காட்டி விவரம் சொன்னேன். அவள் முகம் மாறியது. எவ்வளவோ நாளுக்கப்புறம் அந்தப் பழைய ஜெபா, கடை ஜெபா, கண்ணில் தெரிந்தாள். என் மனுவைப் படித்து, உதட்டைப் பிதுக்கி, தலையில் அடித்துக்கொண்டாள். லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு விரல் சேர்ந்து கீழே இறங்கியது. பக்கம் முழுக்க நீலமானது. நான் பார்த்தேன். பக்கத்தில் நின்று என் இரண்டு கண்ணால் பார்த்தேன். முதல் எழுத்து விழுந்ததும் நீலம் போய் வெள்ளைத் தாளில் 'அனுப்புநர்' என்று வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்க்கிற காட்சியில் எனக்கு என்ன தோன்றும்?

கால் மணி நேரத்தில் மனு முடிந்தது. முதல் பத்தியில் தேதி வாரியாக நான்கு மனுவும், இரண்டாவதில் கம்பத்தின் எண்ணும், மூன்றாவதில் மழைக்கு முன் செய்யாவிட்டால் யார் பொறுப்பு என்பதும். இந்த ஜன்னலில் அடித்தது கடைப் பிரிண்டரில் வராது, மறுபடி நான் கடையில் அடிக்கத்தான் வேண்டும். அதனால் போனில் திரையைப் படம் பிடித்துக்கொண்டேன். ஜெபா களைத்துப்போய்ச் சாய்ந்தாள். "மூடிடவா?" என்றேன். தலையாட்டினாள். நான்தான் மூடினேன்.

ஜன்னல் சத்தமில்லாமல் மறைந்தது. கேள்வி எதுவும் வரவில்லை.

ஜெபா எழுந்து உட்கார்ந்தாள். என் கையைத் தட்டிவிட்டு லேப்டாப்பைப் பிடுங்கி மறுபடி திறந்தாள். 'அனுப்புநர்: வேண்டா, கணவர் பெயர்: காலஞ்சென்ற எல்லப்பன்.' மேலே போனாள், கீழே போனாள், மனு மட்டும்தான் இருந்தது, கடிதம் இல்லை. திரும்பக் கொண்டுவரும் விசையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எந்தத் தட்டுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வாயைத் திறந்து கத்தினாள். சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் சீறியது. நான் அவளைக் கட்டிக்கொண்டு, அவளுக்கும் சேர்த்துக் கத்தினேன்.

போன் போட்டேன். ஜான்சன் இரண்டு பஸ் மாறி வந்து சேர நாலரை ஆனது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். "எத்தினி மணிக்கு மூடுன அக்கா?" என்று மட்டும் கேட்டான். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அழிந்ததைத் தேடி எடுக்கும் மென்பொருள் எதையெதையோ ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியில் ஒருவனிடம் கொண்டுபோனான், திங்கட்கிழமை சென்னையில் ஒருவனிடம். அவன் செய்த ஜன்னல் ஐந்து நொடிக்கு ஒரு தரம் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதியிருந்தது. கால் மணி நேரத்தில் நூற்றெண்பது தடவை. சொன்ன வேலையை அது ஒரு குறையும் இல்லாமல் செய்திருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது வாசலிலேயே என்னை நிறுத்தினான். "கெடைச்சிடுச்சுன்னு சொல்லிட்டேன் அக்கா."

"கெடைச்சுதா?"

"இல்ல. நாலு நாளா அவ ஒண்ணும் குடிக்கல. வேற இன்னா சொல்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் உள்ளே போய், "ஆமா ஜெபா, நானும் பாத்தேன், பென் டிரைவுல பத்திரமா கீது" என்று சொன்னதும் நான்தான். அவள் லேப்டாப்பை இழுத்து, "எத்தனை பக்கங்கள்?" என்று அடித்தாள். நான் ஜான்சனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்து, "எல்லாமே" என்றான். ஜெபா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நன்றி" என்று அடித்தாள். நம்பினாளா, எங்களுக்காக நம்பியது போல இருந்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிநேகா வாசலில் வந்து நின்றபோது அவளுக்கும் திரையைத் திருப்பிக் காட்டினாள். "உனக்கு எழுதிய கடிதம் அப்பாவிடம் உள்ளது." குழந்தை அங்கிருந்தே படித்துத் தலையாட்டினாள். அதற்கு எட்டாம் நாள் ஜெபா போய்விட்டாள். அன்றைக்கும் சிநேகா வாசலில்தான் நின்றாள்.

ஒரு மாதம் கழித்து வேண்டா ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு கடைக்கு வந்தாள். கம்பத்தை மாற்றிவிட்டார்களாம். "அந்த அம்மா கை ராசி!" என்றாள். நான் பையை அவள் மடியிலேயே திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அவள் என்ன தப்பு செய்தாள்? எனக்கு அன்று யாரையாவது கடிக்க வேண்டும் போல இருந்தது.

ஜான்சன் இப்போதும் திருவிடந்தைக்குப் போய்வருகிறான். நேரத்துக்குப் போகிறான், நேரத்துக்கு வருகிறான், ஒரு வார்த்தை அதிகம் பேசுவதில்லை. புதிதாக எதையும் ஆரம்பிப்பதில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவனே சொன்னான்: "அந்த அன்டூ இருக்குது பாரு அக்கா, திரும்பக் கொண்டாறது. அதுக்குத் தனியா ஒண்ணும் எழுதவே வேணாம். எழுதற கட்டத்தோட கூடவே வருது. வேணும்னு ஒரே ஒரு வார்த்த சேத்தா போதும். அவ முழிச்சிகினு இருக்கறப்பவே சேத்திருக்கலாம், தெரிஞ்சிருக்காது." நான்தான் மூடினேனடா, மூடிய பிறகு அது எப்படி வந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

போன வாரம் மத்தியானம் கடையில் கூட்டமில்லை. சிநேகா பள்ளிச் சீருடையோடு வந்து நின்றாள். உள்ளங்கையை விரித்தாள். ஒரு பென் டிரைவ்.

"அப்பா பைபிளுக்குள்ள வெச்சிருந்தாரு ஆன்ட்டி. கேட்டா கெட்டுப்போச்சு, தெறக்காதுன்னு சொல்றாரு. உங்க சிஸ்டத்துல பாக்கறீங்களா? அம்மா லெட்டர் இதுலதான் கீது."

பூபாலன் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் அதை வாங்கிச் செருகினேன். கெடவில்லை, நன்றாகத் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வாங்கிய நாளிலிருந்து அதில் எதையும் வைத்ததே இல்லை. சிநேகா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். மறுபடி கழற்றிச் செருகச் சொன்னாள். செருகினேன்.

இன்னொரு பொய் என் வாயில் தயாராக இருந்தது. சொல்லியிருப்பேன். அவள் ஜெபாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அதனால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பத்தை, மனுவை, நீலமானதை, நான் மூடியதை, அப்பா எதற்காகப் பொய் சொன்னார் என்பதை. அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அந்த மனு இருக்குதா?" என்று கேட்டாள்.

போனில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். பெரிதாக்கி, 'அனுப்புநர்' என்பதிலிருந்து விரலால் நகர்த்தி நகர்த்திப் படித்தாள். தேதி, கம்பத்தின் எண், கூரை, கம்பி, மழை. 'இப்படிக்கு' வரை வந்து நின்றாள்.

"இதுல என் பேரு எங்கியாவது வருதா ஆன்ட்டி?"

"இல்லடா கண்ணு" என்றேன்.

அவள் போனைத் திருப்பித் தரவில்லை. மறுபடி மேலே போய், முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.